தோண்டும் குட்டியும் தோட்டத்துப் பாத்தியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 11 வார நாய்க்குட்டி ஒன்றை வளர்த்து வருகிறோம். தோட்டத்தில் எவ்வளவோ இடம் இருக்க, புதிதாக நட்ட ரோஜாச் செடிகளின் அடியை மட்டும் தேடிப் போய்த் தோண்டுகிறது. அதட்டினால் ஓடிவிடுகிறது; நாங்கள் வீட்டுக்குள் சென்றதும் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. இதை எப்படி நிறுத்துவது?

பதில்: செடிகளை நடும்போது குழியில் எலும்புத்தூள் உரம் இட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். நமக்கு உரமாகத் தெரிகிற அது, குட்டியின் மூக்குக்குப் புதைத்து வைத்த எலும்பு. என் வீட்டில் முன்பு இருந்த குட்டி ஒன்று, வரிசையாக நட்ட ஆறு செடிகளில் நான்கைத் தோண்டிப் போட்டுவிட்டு இரண்டை மட்டும் விட்டுவைத்தது. அதன் கருணையை வியந்துகொண்டிருந்த எனக்கு, கடைசி இரண்டு குழிகளுக்கு வரும்போது உரம் தீர்ந்துபோயிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே குட்டியைத் திருத்துவதற்கு முன் பாத்தியைத் திருத்துங்கள். உரம் கலந்த மேல்மண்ணை அள்ளி அகற்றிப் புதுமண் இட்டு, செடியைச் சுற்றிக் கம்பிவலையைப் படுக்கையாக விரித்து, அதன் கூர்முனைகளை அடிப்பக்கமாக மடக்கி, மேலே மெல்லிதாக மண்ணைப் பரப்பிவிடுங்கள். காலில் வலை தட்டுப்பட்டால் தோண்டும் ஆர்வம் பெரும்பாலும் தணிந்துவிடும். செடியைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எலும்புத்தூளை நிறையத் தின்றால் அது வயிற்றில் கட்டியாக இறுகிக்கொள்ளக்கூடும். உரங்களில் சேர்க்கப்படும் ஆமணக்குப் பிண்ணாக்கு சரியாகப் பதப்படுத்தப்படாததாக இருந்தால், அதில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு எஞ்சியிருக்கும்.

அதட்டலைப் பொறுத்தவரை, நீங்கள் நிற்கும்போது தோண்டினால் ஆபத்து, நீங்கள் இல்லாதபோது தோண்டினால் ஆபத்தில்லை என்பதைத்தான் குட்டி உங்களிடமிருந்து கற்றிருக்கிறது. உள்ளதை உள்ளபடிதான் அது புரிந்துகொண்டிருக்கிறது என்பதால் அதைக் குறை சொல்லவும் வழியில்லை. தோண்டுவது நாயின் பிறவிக் குணம். அதற்கென்று ஓர் இடம் கொடுக்காமல் எல்லா இடத்தையும் மூடிவிட்டால், அது இன்னொரு பாத்தியைத் தேடிக்கொள்ளும். தோட்டத்தின் ஒரு மூலையில் சுமார் 1 மீட்டர் நீளமும் அகலமும் உள்ள குழியை வெட்டி, மணலும் மண்ணும் கலந்து நிரப்பி, அதற்குப் பிடித்த விளையாட்டுப் பொருளைப் பாதி வெளியே தெரியும்படி புதைத்து வையுங்கள். அதைக் கண்டெடுத்ததும் பாராட்டுங்கள். நாள் போகப் போகச் சற்று ஆழமாகப் புதையுங்கள்.

குட்டி பாத்திப் பக்கம் போகும்போது அதைக் கூர்ந்து கவனியுங்கள். எடுத்த எடுப்பில் பெரும்பாலான குட்டிகள் வேகமாகத் தோண்டிவிடுவதில்லை. மூக்கைத் தரையில் ஊன்றி இரண்டு மூன்று முறை மோப்பம் பிடித்து, முன்னங்காலால் ஒரே ஒரு முறை லேசாகப் பிராண்டிவிட்டு, ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதன் குழிக்கு அழைத்துப் போனால் அது வரும்; மண் பறக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் அதன் காதில் விழாது. கண்காணிக்க ஆள் இல்லாத நேரத்தில் குட்டியைத் தோட்டத்தில் தனியே விடாதீர்கள். யாரும் பார்க்காத அரை மணி நேரத் தோண்டல், ஒரு வாரப் பயிற்சியைக் கெடுத்துவிடும்.

கேள்வி: வீட்டுக்குள் ‘உட்கார்’, ‘வா’ என்றால் உடனே கேட்கும் எங்கள் குட்டி, தோட்டத்தில் நாங்கள் கூப்பிடுவதைக் கண்டுகொள்வதே இல்லை. வேண்டுமென்றே அலட்சியம் செய்கிறதா?

பதில்: இல்லை. கூடத்தில் கற்ற ‘உட்கார்’ தோட்டத்திலும் அதே ‘உட்கார்’தான் என்பது நாய்க்குத் தானாக விளங்குவதில்லை, இடம் மாறும்போது பாடத்தையும் ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டும். தீனித் துண்டு ஒன்றை அதன் மூக்கருகே பிடித்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெதுவாக நகர்த்தினால், மூக்கு மேலே போகப் போகப் பின்புறம் தானாகத் தாழும்; அது தரையைத் தொட்டவுடனே, ஓரிரு நொடிக்குள், துண்டைக் கொடுத்துவிடுங்கள். கை பையைத் துழாவிக்கொண்டிருக்கும் நேரத்தில் குட்டி எழுந்துவிட்டால், எழுந்ததற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடப் பயிற்சி போதும். அதை நாளுக்குப் பல முறை செய்யலாம்.

‘வா’ என்ற சொல்லைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அந்தச் சொல்லைக் கெடுப்பவர்கள் வீட்டாரே. செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லவ், உணவு வாய்க்கு வருவதற்கு முன்பே, அது வரப்போவதைக் காட்டும் அறிகுறிக்கே நாய்களுக்கு உமிழ்நீர் ஊறுவதைக் கண்டார். உங்கள் ‘வா’வும் அத்தகைய ஓர் அறிகுறிதான்: அதைத் தொடர்ந்து என்ன நடக்கிறதோ அதுவே அந்தச் சொல்லுக்குப் பொருளாகிவிடுகிறது. வந்த குட்டியை உடனே குளிப்பாட்டினாலும், நகம் வெட்டினாலும், விளையாட்டை முடித்து உள்ளே அடைத்தாலும், ‘வா’ என்றால் இன்பம் முடிந்தது என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். இத்தகைய வேலைகளுக்குக் கூப்பிடாமல் நீங்களே போய்த் தூக்கி வாருங்கள். தோட்டத்தில் பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறையாவது தீனியோ தடவலோ கொடுத்துவிட்டு, மறுபடி விளையாட அனுப்பிவிடுங்கள். வரத் தாமதித்த குட்டியை, வந்து சேர்ந்த பிறகு திட்டவே திட்டாதீர்கள். தாமதத்துக்காகத் திட்டுவதாக நீங்கள் நினைப்பீர்கள், வந்ததற்காகத் திட்டுவதாக அது நினைக்கும்.

சில வாரங்களுக்கு 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள இலேசான கயிற்றை மார்புப்பட்டையில் கட்டி, அது தரையில் இழுபடும்படி விடுங்கள். கூப்பிட்டும் வராவிட்டால் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கத்தாமல், கயிற்றைப் பிடித்தபடி அருகே சென்று, நீங்கள் பின்னோக்கி நடந்தால் பெரும்பாலும் உங்களைத் தொடர்ந்து ஓடிவரும்.

கேள்வி: புல்தரையில் ஆங்காங்கே மஞ்சள் வட்டங்கள் விழுகின்றன. குட்டியின் சிறுநீர்தான் காரணமா?

பதில்: ஆம். சிறுநீரில் உள்ள யூரியாவின் நைட்ரஜன் ஒரே இடத்தில் மிகுதியாகச் சேர்ந்து புல்லைக் கருக்குகிறது. வட்டத்தின் ஓரத்தில் புல் கரும்பச்சையாகச் செழித்திருந்தால், அங்கே அதே நைட்ரஜன் அளவோடு சேர்ந்து உரமாகியிருக்கிறது என்று பொருள். குட்டி சிறுநீர் கழித்த உடனே அந்த இடத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் புல் பிழைக்கும். அதைவிட நல்லது, தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் கயிற்றில் பிடித்து ஒரே மூலைக்கு அழைத்துச் செல்வது. 3 மாதக் குட்டியால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: தடுப்பூசிகள் முடியும் வரை பயிற்சியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசித் தொடர் சுமார் 16 வாரம் வரை நீளும். புதிய மனிதர்களையும் ஓசைகளையும் அச்சமின்றி ஏற்கும் பருவமோ ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்துக்குள் முடிந்துவிடும். நோயுற்ற நாய் எதுவும் நடமாடாத சொந்தத் தோட்டத்தில் தாராளமாகப் பயிற்சி கொடுக்கலாம். வெளியே கையில் தூக்கிச் சென்று காட்டுங்கள், தரையில் இறக்கிவிடாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது.

கேள்வி: கண்ணில் படும் செடியையெல்லாம் கடிக்கிறது. நாளடைவில் தானாக நின்றுவிடுமா?

பதில்: ஓரளவுக்கு. 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய ஆறு ஏழு மாதம் ஆகும். அதுவரை ஈறு அரிப்புக்குக் கடிக்கத்தான் செய்யும். அதன் வாயிலிருந்து எதையும் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை அவசரமாக விழுங்கிவிடும். இன்னும் சுவையான ஒன்றை மூக்கருகே நீட்டி, வாய் திறக்கும்போது ‘விடு’ என்று சொல்லி, மாற்றிக் கொடுங்கள். ஆனால் அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, பனை போலத் தோன்றும் அலங்காரச் செடியான சைகஸ் ஆகியவற்றைப் பயிற்சியை நம்பி விட்டுவைக்க வேண்டாம்; வேலியிட்டு மறையுங்கள், இல்லையேல் அகற்றிவிடுங்கள். நத்தைகளைக் கொல்லப் போடும் குறுணையும் எலி மருந்தும் குட்டி நடமாடும் தோட்டத்தில் இருக்கவே கூடாது. இவற்றில் எதையேனும் தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், நீங்களாகவே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மீதமிருக்கும் இலையையோ உறையையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.