வாட்ச்மென் நாவலை முதன்முறை படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

சூப்பர் ஹீரோ படங்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, வாட்ச்மென் கிராஃபிக் நாவலை எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் 400 பக்கத்துக்கு மேல் இருக்கிறது, படக்கதை வாசித்துப் பழக்கமில்லாதவர் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் படிக்கலாம். எனக்குப் பன்னிரண்டு இரவுகள் ஆயின. அத்தியாயமும் பன்னிரண்டுதான். இரவுக்கு ஒன்று.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஊருக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி வேலை. குலை ஏற்றிய லாரி வந்தால் எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். இரவு முறை என்றால் இரண்டு லாரிக்கு நடுவில் அரை மணி நேரம்கூடச் சும்மா இருக்கலாம். ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பிரதி அது. அட்டை ஓரம் மடங்கிப் போயிருந்தது. அந்த மேசை விளக்கில்தான் முழுவதையும் படித்தேன்.

படக்கதை எனக்குப் புதிதில்லை. அப்பா ஒரு பிஸ்கட் தகர டின்னில் முத்து காமிக்ஸ் சேர்த்து வைத்திருந்தார். 1972இல் வந்த முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் கை எப்போது வந்து காப்பாற்றும் என்று காத்துக்கொண்டே பக்கம் புரட்டுவோம். அப்புறம் பள்ளி நூலகத்தில் மலேசியக் கார்ட்டூன் கலைஞர் லாட் வரைந்த கம்போங் பாய். அதில் காப்பாற்ற வரும் நாயகன் யாரும் இல்லை, எங்கள் பேராக் கம்பமும் (மலாய்க் கிராமம்) ஒரு பையனும்தான். இந்த இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்க முடியும் என்று வாட்ச்மென் படிக்கும்வரை எனக்குத் தோன்றியதில்லை.

விவரம் சுருக்கமாக: எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ், வண்ணம் ஜான் ஹிக்கின்ஸ். மூவரும் ஆங்கிலேயர்கள். 1986, 87இல் டிசி காமிக்ஸ் பன்னிரண்டு தனி இதழ்களாக வெளியிட்டு, பிறகு ஒரே நூலாக்கியது. 1988இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. கதை நடப்பது 1985இல், நியூயார்க்கில். ஆனால் அந்த 1985 நாம் அறிந்த 1985 இல்லை. அங்கே நிக்சன் இன்னும் அதிபர். முகமூடி போட்டுக் குற்றவாளிகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை 1977இல் ஒரு சட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து தூக்கி எறியப்பட்டுச் சாகிறார். யார் செய்தது என்று தேடுவதில் கதை தொடங்குகிறது.

முதல் இரவு முதல் பக்கத்தைச் சட்டென்று தாண்டிவிட்டேன். ஏழே கட்டங்கள். லாரி வந்து போன பிறகு விட்ட இடத்தைத் தேடிப் புரட்டியபோதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். முதல் கட்டத்தில் சாக்கடை ஓரம் சிரித்த முகம் போட்ட மஞ்சள் வில்லை, அதன் மேல் ரத்தம். அடுத்தடுத்த கட்டங்களில் நம் கண் மேலே மேலே ஏறுகிறது. ஒருவர் தண்ணீர் அடித்து நடைபாதை ரத்தத்தைக் கழுவுகிறார். உலகம் முடியப்போகிறது என்று பலகை தூக்கிய ஒருவர் அந்த ரத்தத்தை மிதித்தபடியே நடந்துபோகிறார், பின்னால் காலடித் தடம் விழுகிறது. கடைசியில் பல மாடி உயரத்தில் உடைந்த ஜன்னல், அங்கிருந்து கீழே எட்டிப் பார்க்கும் ஒரு மனிதர். அந்தப் பலகைக்காரரை மறந்துவிடாதீர்கள். இதற்கு மேல் சொன்னால் உங்கள் சந்தோஷத்தைக் கெடுத்ததாகிவிடும்.

படம் பார்க்கவும் நேரம் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பக்கம்தான் கற்றுக்கொடுத்தது. பெரும்பாலான பக்கங்கள் ஒன்பது சமக் கட்டங்கள், மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. பார்க்கப் பழைய தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம் மாதிரி ஒரே அளவு, ஒரே வரிசை. ஆனால் ஒவ்வொரு கதவுக்குள்ளும் வேறு ஒரு குடும்பம். ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று பொருந்தும். இரண்டாவது பக்கம் கடைசிக்கு முந்தைய பக்கத்தோடு பொருந்தும். நடுப்பக்கம்வரை அப்படியே போகும். இதை நான் கண்டுபிடித்தபோது விடியற்காலை மூன்று மணி. சொல்லிக் காட்ட ஆலையில் ஆள் இல்லாமல் தவித்துப்போனேன்.

இரண்டாம் அத்தியாயத்தில்தான் புத்தகம் என்னைப் பிடித்து உலுக்கியது. டாக்டர் மன்ஹாட்டன் என்று ஒருவர் வருகிறார். நீல உடம்பு, அணுவையே பிரித்துச் சேர்க்கும் ஆற்றல். அவரால் அமெரிக்கா வியட்நாம் போரில் ஜெயித்துவிடுகிறது. நிஜத்தில் 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்து, அதன் பிறகு படகு படகாக மக்கள் வந்து திரங்கானுவின் பீடோங் தீவில் இறங்கிய கதை நம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வியட்நாம் நமக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடு. அதனால் அந்த வெற்றிக் கொண்டாட்டக் காட்சியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. கர்ப்பிணியான ஒரு வியட்நாமியப் பெண், தன் வயிற்றுப் பிள்ளைக்குக் காரணமானவனிடம் நியாயம் கேட்டு வருகிறாள். அவன் முகமூடி நாயகர்களில் ஒருவன். அவளைச் சுட்டுவிடுகிறான். டாக்டர் மன்ஹாட்டன் பக்கத்திலேயே நிற்கிறார். துப்பாக்கியை ஆவியாக்கியிருக்கலாம், குண்டைத் தண்ணீராக்கியிருக்கலாம். நிற்கிறார், அவ்வளவுதான்.

மாயாவியின் கைக்காகக் காத்திருந்து வளர்ந்தவன் நான். ஆற்றல் இருந்தும் அசையாமல் நிற்கிற ஒரு நாயகனை அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு லாரி வரும்வரை வெளியே நின்றேன்.

அங்கிருந்து நான் படிக்கிற விதமே மாறியது. முகமூடிக்காரர்களைவிடத் தெருவில் இருக்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு தெருமுனையில் பத்திரிகை விற்கிற பெரியவர் இருக்கிறார். நம் ஒட்டுக்கடையில் காலையில் பேப்பரை விரித்துவைத்து உலக அரசியல் பேசுவாரே ஒருவர், அச்சாக அவரேதான். அவர் கடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காசு கொடுக்காமல் கடற்கொள்ளைக்காரர் காமிக்ஸ் படிக்கிறான் ஒரு பையன். நிஜ நாயகர்கள் தெருவில் நடமாடும் உலகமாயிற்றே, அங்கே காமிக்ஸ் எல்லாம் கொள்ளைக்காரர் கதைதான். முதலில் பெரியவர் விரட்டுகிறார், போர் வரப்போகிறது என்று தெரிந்த ஒரு நாளில் அந்த காமிக்ஸை அவனுக்கே கொடுத்துவிடுகிறார். பதினோராம் அத்தியாயத்தில்தான் இருவர் பெயரும் ஒன்றே என்று அவர்களுக்குத் தெரிகிறது: பெர்னார்ட். இந்த இரண்டு பெர்னார்டுகளுக்கும் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இந்த நாவல். பிரபஞ்சம், அணுகுண்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

புத்தகத்தில் அங்கங்கே சுவரில் ஒரு வாசகம் கிறுக்கியிருக்கும். காவலர்களைக் காவல் காப்பது யார் என்று அர்த்தம், ஜூவெனல் என்ற ரோமானியக் கவிஞர் சொன்னது. ஒரு கட்டத்திலும் அது முழுதாகத் தெரியாது. யாராவது மறைத்துக்கொண்டு நிற்பார்கள், அல்லது கட்டம் பாதியில் முடியும். தமிழில் யோசித்தால் எனக்குப் பாட்டி சொன்னதுதான் வருகிறது: வேலியே பயிரை மேய்ந்தால்? பாட்டி அதைப் பழமொழியாக மட்டும் சொன்னவர் இல்லை. 1948 ஜூன் 16இல் எங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1960வரை நீடித்தது. தோட்டத்து ஆட்களின் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். வேலைக்குப் போகும்போது வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று சோதனை. ஒருநாள் காவலுக்கு நின்றவன் பாட்டியின் சட்டியை மண்ணில் கவிழ்த்துவிட்டானாம். அன்று முழுக்கப் பட்டினியோடு ரப்பர் மரம் வெட்டியதை (பால் எடுக்கப் பட்டையைச் சீவுவதைத்தான் மரம் வெட்டுவது என்போம்) எண்பது வயதிலும் அதே கோபத்தோடு சொல்வார். யாரோ சிலர் மேலே உட்கார்ந்து, கீழே இருப்பவர்களின் நன்மைக்கு என்று கணக்குப் போடுவதைப் பற்றிய இந்த நாவலின் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் படித்தபோது அந்தச் சட்டிதான் ஞாபகம் வந்தது. அந்தக் கணக்கு சரியா தப்பா என்று நாவல் சொல்லாது. என்னைக் கேட்டால் தப்பு. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு யோசனைகள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், கடைசி ஒன்றைத் தவிர, படமில்லாத பக்கங்கள் வரும். நினைவுக் குறிப்பு, மருத்துவ அறிக்கை என்று பல மாதிரி. நான் முதல் இரண்டு தடவை அவற்றை விட்டுவிட்டேன், பிறகு பின்னால் போய்ப் படிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் விடாதீர்கள். ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். ரோர்ஷாக் என்ற பாத்திரத்தின் நாட்குறிப்பு மட்டும் முதலில் மொட்டைமொட்டையாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும். வன்முறையும் பாலியல் வன்கொடுமைக் காட்சியும் உண்டு, அதனால் வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். 2009இல் வந்த திரைப்படத்தைப் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள். படத்தில் காலம் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும், புத்தகத்தில் நீங்கள் நிற்கலாம், திரும்பிப் போகலாம்.

நான்காம் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்வதைக் கடைசிக்கு வைத்தேன். டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய்க் கிரகத்தில் தனியாக உட்கார்ந்து தன் வாழ்க்கையை நினைக்கிறார். அவருக்கு நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கின்றன. 1945, புரூக்ளினில் ஒரு சமையலறை, பதினாறு வயது. அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர், மகனும் அந்தத் தொழிலுக்குத்தான் பழகிக்கொண்டிருக்கிறான். கறுப்பு வெல்வெட் துணியில் சின்னச் சின்னப் பற்சக்கரங்களைப் பரப்பி வைத்திருக்கிறான். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த செய்தியோடு அப்பா உள்ளே வருகிறார். இனி இந்தத் தொழில் உனக்கு வேண்டாம், அணு விஞ்ஞானம் படி என்று சொல்லித் துணியோடு எடுத்து அத்தனையையும் வெளியே உதறிவிடுகிறார். பற்சக்கரங்கள் கீழே விழுகின்றன.

எனக்குப் பதினைந்து வயதில் எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். அதற்கு முன்பு பள்ளி விடுமுறையில் நானும் அப்பாவோடு போய் மரம் வெட்டப் பழகியிருந்தேன். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், உள்மரத்தில் காயம் படாமல் எப்படி நிறுத்த வேண்டும் என்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்திருந்தார். கடைசி மரம் சாய்ந்த வாரம் அப்பா என் கத்தியையும் தன் கத்தியையும் எடுத்துப்போய் லயத்துக்குப் பின்னால் வாய்க்காலில் வீசிவிட்டார். "இனிமே இது உனக்கு வேணாம். போய்ப் படி" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. இரவு வேலை முடிந்து வந்து, அவர் பசியாறிக்கொண்டிருந்தபோது பக்கத்தைத் திறந்து வைத்து, இது அப்பா, இது மகன், இது கடிகாரச் சாமான் என்று விரல் வைத்துச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விழுகிற சக்கரங்களின் மேல் விரலை வைத்து, பக்கத்தின் அடிவரை இழுத்துக்கொண்டு போனார்.

"கீழே யாரும் நிக்கலையே?" என்று கேட்டார்.