மண்ணும் மனையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடியிருக்கும் இடத்துக்கும் முத்திக்கும் 'வீடு' என்ற ஒரே சொல் அமைந்தது எவ்வாறு?

பதில்: கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும் ஆவது போல, விடு என்னும் வினையடி முதல் நீண்டு வீடு என்னும் தொழிற்பெயராயிற்று. பற்றை விடுதலே வீடுபேறு என்பது வெளிப்படை. குடியிருப்பை அச்சொல் குறித்ததோ, பயணத்தையும் தொழிலையும் விட்டுத் தங்கும் இடம் என்ற கருத்தினால் என்பர். விடுதி என்ற சொல்லும், படை தங்கும் பாசறையைக் குறித்த படைவீடு என்ற சொல்லும் இதற்குத் துணை நிற்கின்றன. சங்கப் பாடல்களில் குடியிருப்புக்கு இல், மனை, அகம் ஆகியவையே பெரிதும் வழங்குகின்றன.

கேள்வி: மண்ணைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'எர்த்', அரபியின் 'அர்ளு' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையன்று. அர்ளு என்பதற்கு உறவு எபிரேயத்தின் 'எரெட்ஸ்'. எர்த் என்பதற்கு உறவு ஜெர்மன் மொழியின் 'ஏர்டெ'. முன்னவை செமித்திய மொழிக் குடும்பத்தவை, பின்னவை ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை. இவற்றின் ஒலி ஒப்புமை தற்செயலானது. காதுக்கு ஒன்றுபோல் படுவதைக் கொண்டு சொற்பிறப்புக் கூறும் பழக்கம் நம்மிடமும் மிகுதி, ஆனால் ஒலி மாற்றங்கள் பல சொற்களில் ஒரே ஒழுங்கில் நிகழ்ந்திருப்பதைக் காட்டாதவரை அதற்கு மதிப்பில்லை. மெய்யான உறவுகள் பெரும்பாலும் காதுக்குப் புலப்படுவதில்லை: சமஸ்கிருதத்தின் 'க்ஷம்', கிரேக்கத்தின் 'க்தோன்', லத்தீனின் 'ஹூமுஸ்', ரஷ்ய மொழியின் 'ஸெம்ல்யா' ஆகிய நான்கும் மண்ணைக் குறித்த ஒரே மூலச்சொல்லின் வழிவந்தவை. மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ' என்ற லத்தீன் சொல்லும், மண்ணுக்குரியவன் என்ற கருத்தில் அம்மூலத்திலிருந்தே கிளைத்தது. உறவே இல்லாத எபிரேயத்திலும் இதே எண்ணம் உண்டு. விவிலியத்தின் தொடக்கநூல் முதல் மனிதனான ஆதாமை 'அதாமா' என்னும் மண்ணிலிருந்து உருவாக்கப்பட்டவனாகவே கூறுகிறது. கருத்து ஒத்திருப்பதனால் சொற்கள் உறவாகிவிடுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 'தம்பதி' என்ற சொல்லில் வீடு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. வேதகால மொழியில் 'தம்' என்பது வீடு, 'பதி' என்பது தலைவன்; வீட்டுத் தலைவனைக் குறித்த சொல் இருமை வடிவில் கணவன் மனைவி இருவரையும் குறித்தது. லத்தீனின் 'தோமுஸ்', ரஷ்ய மொழியின் 'தோம்' ஆகிய வீட்டுப் பெயர்களும் இவ்வுறவினவே. கிரேக்கத்தில் இதே அமைப்பில் உருவான 'தெஸ்போதேஸ்' முதலில் வீட்டு எசமானனைச் சுட்டி, பிறகு ஆள்பவனைச் சுட்டி, இறுதியில் ஐரோப்பிய மொழிகளில் கொடுங்கோலனுக்குப் பெயராயிற்று; தம்பதி என்ற சொல்லுக்கு அந்தக் கதி நேரவில்லை.