வாசகர் கேள்வி – பதில்: பெண் விவசாயிகளும் சோலார் பம்பும்

கேள்வி: என் கணவர் மலேசியாவில் வேலை செய்கிறார். மாமனார் வழி வந்த நிலத்தில் அரை ஏக்கரில் கத்தரி, மிளகாய், புளிச்சக்கீரை ஆகியவற்றை நானே பயிரிட்டு விற்கிறேன். எங்கள் உறைக்கிணறு நான்கடி அகலமுடையது. சித்திரையில் தண்ணீர் 25 அடி ஆழத்திற்குப் போய்விடும். டீசல் எஞ்சின் வைத்து இறைப்பது கட்டுப்படியாகவில்லை. கடைக்காரர் இரண்டு குதிரைத்திறன் சோலார் பம்பு வாங்கச் சொல்கிறார். கடன் கேட்டால், நிலச்சான்று கணவர் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்? – பர்மாவின் பெகு வட்டாரத்து வாசகி ஒருவர்

பதில்: சகோதரி, இரண்டு குதிரைத்திறன் உங்களுக்குத் தேவையில்லை. பணம் கொடுக்குமுன் கீழுள்ள கணக்கைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

கோடையில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும். அரை ஏக்கருக்கு அது சுமார் 10,000 லிட்டர் ஆகிறது. கிணற்றின் ஆழத்தோடு குழாயில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 30 அடி உயரத்திற்கு இவ்வளவு நீரைத் தூக்க, பம்பின் திறன் குறைபாட்டைக் கணக்கில் கொண்டாலும், முக்கால் யூனிட் மின்சாரம் போதும். கோடையில் நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைப்பதாக வைத்தால் 200 வாட் சோலார் தகடு அதைத் தந்துவிடும். மேகமூட்டத்தையும் தூசியையும் எண்ணி 300 வாட் வாங்கலாம். இரண்டு குதிரைத்திறன் மோட்டாருக்கோ 1,800 வாட்டுக்குக் குறையாத தகடுகள் வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் செலவு உங்கள் கடனைத்தான் பெருக்கும், விளைச்சலைப் பெருக்காது.

கிணற்றின் ஊற்றையும் பார்க்க வேண்டும். நான்கடி அகலக் கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் என்பது சுமார் 355 லிட்டர். சித்திரையில் ஒரு நாள் காலை நீரை இறைத்து வற்றச் செய்து, பிறகு ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி ஊறுகிறது என்று கயிறு விட்டு அளந்து எழுதி வையுங்கள். பெரிய பம்பு சிறிது நேரத்தில் கிணற்றை வற்றவைத்துவிட்டு வெறுமனே ஓடும். சிறிய சோலார் பம்போ காலை முதல் மாலை வரை மெல்ல இறைப்பதால், மெதுவாக ஊறும் கிணற்றுக்கு அதுவே பொருந்தும். இன்னொன்று முக்கியம். தரையில் வைத்து உறிஞ்சும் பம்பு நடைமுறையில் 22, 23 அடி ஆழத்திற்கு மேல் நீரை இழுக்காது. காற்றழுத்தம் அதற்கு இடந்தராது. ஆகவே நீருக்குள் இறக்கும் பம்பைத்தான் கேளுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் மிகவும் வேண்டிய சித்திரையிலேயே அது கைவிட்டுவிடும். தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

இனி நிலச்சான்றுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டத்தின்படி, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு நாம் 'பாரம் 7' (படிவம் 7) என்று சொல்லும் சான்று வழங்கப்படுகிறது. பெண் பெயரில் அதைப் பெறச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் குடும்பத் தலைவர் பெயரில் எழுதுவதே வழக்கமாகிவிட்டதாலும், கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்து எழுதச் சட்டம் தெளிவாக வழிசொல்லாததாலும், வயலில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் அந்தத் தாளில் இருப்பதில்லை. விவசாய வளர்ச்சி வங்கியின் பருவக் கடனும் இந்தச் சான்றை ஒட்டியே கிடைக்கிறது. தாளில் பெயர் இல்லாத பெண், கடனுக்கும் வெளியே நிறுத்தப்படுகிறாள்.

பர்மாவில் வாழும் தமிழர்களான நம்மவர்களுக்கு இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1898ஆம் ஆண்டுப் பர்மா சட்டங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றில் பௌத்தருக்குப் பௌத்தச் சட்டமும் இந்துக்களுக்கு இந்துச் சட்டமும் பொருந்தும். பர்மியப் பௌத்தச் சட்டம் மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டென்று ஏற்கிறது. அடுத்த வீட்டுப் பர்மியப் பெண்ணுக்குள்ள அதே உரிமை நமக்கும் தானாக வந்துவிடும் என்று இந்துப் பெண்கள் எண்ணியிருப்பது ஆபத்து. தமிழ்நாட்டு உறவினர் பேசும் இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் இங்கே செல்லாது, ஏனெனில் பர்மா 1937இலேயே இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டது. உங்கள் நிலம் மாமனார் வழி வந்தது என்பதால் மைத்துனர்களின் பங்கு பற்றிய கேள்வியும் பின்னாளில் எழக்கூடும். கணவர் நலமாக இருந்து, குடும்பத்தில் ஒற்றுமையும் இருக்கும் இப்போதே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவதா, குறைந்தபட்சம் கணவர் சார்பில் நீங்கள் கையெழுத்திட உங்களுக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பச் செய்வதா என்பதை அவர் காகிதங்களைப் பார்த்துச் சொல்வார். இதைக் கணவரிடம் கேட்பது அவர்மீது ஐயப்படுவதாகாது. நிலத்தைக் காப்பவர் கையில் காகிதமும் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

அதுவரை பம்பு வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பம்பும் தகடும் அசையும் பொருள்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் உங்கள் பெயரிலேயே எழுதப்படட்டும். நிலச்சான்று கேட்காமல் பெண்கள் குழுவின் பொறுப்பில் கடன் தரும் சிறுகடன் நிறுவனங்களை அணுகலாம். மாத வட்டியைக் கேட்டு மட்டும் ஒப்பாமல் ஆண்டு வட்டியைக் கேளுங்கள். மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்கறி வருமானம் குறைவென்றால் தவணையைக் கோடை மாதங்களில் கூட்டியும் ஆவணியில் குறைத்தும் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே பம்பு வாங்கினால் சரிப்படுமா? – தாட்டன் வாசகி ஒருவர்

பதில்: சரிப்படும், ஆனால் பேச்சை முதலிலேயே எழுத்தில் வைக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், கலாலே மாவட்டத்தில், 2007இல் இரண்டு ஊர்ப் பெண்கள் குழுக்களுக்குச் சூரியசக்தி பம்பும் சொட்டுநீர்க் குழாய்களும் அமைத்துக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு அமைப்பையும் 30 முதல் 35 பெண்கள் பயன்படுத்தினார்கள். ஒவ்வொருத்திக்கும் 120 சதுர மீட்டர் தனிப் பாத்தி. எஞ்சிய இடம் குழுவின் பொதுப் பயிருக்கு. 2010இல் வெளியான ஆய்வு, அந்தக் குடும்பங்களின் உணவில் காய்கறி கூடியதையும் விற்பனையால் வருமானம் உயர்ந்ததையும் காட்டியது. எனக்கு இதில் பிடித்தது, தண்ணீர் பொதுவாக இருந்தும் அவளவள் பாத்தியின் விளைச்சல் அவளவளுக்கே சேர்ந்தது என்பதுதான்.

நீங்கள் எழுதி வைக்க வேண்டியவை: யாருக்கு எந்த நேரம் தண்ணீர், பழுதுபார்க்க மாதந்தோறும் எவ்வளவு சேர்ப்பது, விலகுபவருக்கு எவ்வளவு திருப்பித் தருவது, கிணறு இருக்கும் நிலத்தின் சொந்தக்காரர் எத்தனை ஆண்டுக்கு இடம் தருகிறார் என்பன. கடைசியானது இல்லாமல் ஒரு கியாட்கூடப் போடாதீர்கள். காய்கறித் தோட்டம் பச்சை பிடித்ததும் நிலத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கேள்வி: சோலார் பம்புக்கு பேட்டரி அவசியமா? – சிரியம் வாசகர்

பதில்: இல்லை. பகலில் நீரை உயரத்திலுள்ள தொட்டியில் ஏற்றிக்கொண்டால் மாலையில் தானே பாயும். பேட்டரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. அந்தப் பணத்தைத் தொட்டிக்குச் செலவிடுங்கள்.