ஊர் கும்பலாவதைப் படிக்க ஒரு வேலை

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. உயர்தரம் கலைப் பிரிவு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். வன்முறையையும் இனவெறுப்பையும் ஆராயும் குற்றவியலாளராக ஆசை. அம்மாவோ, "கள்ளனைப் பிடிக்கிறது பொலிஸ் வேலை, உனக்கெதுக்கு?" என்கிறார்.

பதில்: தங்கச்சி, கள்ளனைப் பிடிப்பது பொலிஸ் வேலைதான். அம்மாவிடம் அதை ஒத்துக்கொண்டு, பிந்துனுவெவவைப் பற்றிப் பேசுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில், புலிகளோடு தொடர்பு என்று சந்தேகிக்கப்பட்டவர்களை வைத்திருந்த அந்தப் புனர்வாழ்வு முகாமுக்குள் சிங்களக் கும்பல் புகுந்து, இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே நின்றிருந்தார்கள். மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. யார் செய்தது என்பதற்குச் சாட்சி போதாவிட்டால் வழக்கு அத்தோடு முடியும். ஆனால் அவ்வளவு பேர் ஒரே காலையில் எப்படித் திரண்டார்கள், யார் கதை கட்டினார்கள், யார் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம்? வழக்கு முடிந்த பிறகும் இதைக் கேட்கிறவர்தான் குற்றவியலாளர்.

கண்டிக்குப் பக்கத்துத் திகணையையும் பாருங்கள். 2018இல் வீதித் தகராறில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கிய சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததும், முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. பேஸ்புக்கில் ஓடிய வெறுப்பு அதற்கு எண்ணெய் ஊற்றியது. உங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு அப்படியொரு வதந்தி வந்தால் அனுப்பாமல், ஒரு கொப்பியில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, படம் எந்த ஊருடையது, அடுத்தவர் என்ன சேர்த்து அனுப்பினார். ஆட்களின் பெயர் வேண்டாம். ஆய்வு இப்படித்தான் தொடங்கும்.

படிப்புக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் குற்றவியல் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி அங்கே இடம் தராவிட்டால் பேராதனையில் சமூகவியல் படித்து, மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்பலாம். சரி, வேலை? 'குற்றவியலாளர் தேவை' என்று பத்திரிகையில் அடிக்கடி விளம்பரம் வராது. விரிவுரையாளராக, மனித உரிமை நிறுவனத்தில் ஆய்வாளராக, நன்னடத்தைத் திணைக்களத்தில் அதிகாரியாக என்று வழி தேடிப் போக வேண்டியிருக்கும். அம்மாவிடம் இதை மறைக்காதீர்கள்.

இன்னொன்று. அடித்தவனையும் எதிரில் உட்கார வைத்து, குறுக்கிடாமல் கேட்க வேண்டிய வேலை இது. அன்றிரவு தூக்கம் வராது. மனம்விட்டுப் பேச ஒருவரை இப்போதே தேடி வையுங்கள். முடிவு வரும்வரை சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் நன்றாகப் பழகுங்கள், அடித்தவன் சிங்களத்தில் சொல்வதை இன்னொருவர் மொழிபெயர்த்துத் தரும் நிலை உங்களுக்கு வேண்டாம்.