ஹட்டன் மழையில் காயாத சட்டி

தங்கச்சி, மூன்று நாள் காயவைத்தும் முதல் சுடுதலிலேயே மண்சட்டி சிதறுது, ஒன்லைன் மட்பாண்டக் குழுவில் காட்ட வெட்கம் என்று எழுதியிருந்தீங்க.

மூன்று நாள் கணக்கெல்லாம் வெயில் ஊருக்கு. தென்மேல் பருவமழை நேரம் ஹட்டனில் பத்து நாளும் போதாது. அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்க. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். சூளையில் அது கொதித்து ஆவியானால்தான் சட்டி சிதறும். நம்ம மலையூரின் உயரத்தில் தண்ணீர் 96 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிச்சிடும். அதனால் சூளையை 80 பாகையில், மூடியைச் சற்றுத் திறந்து, இராத்திரி முழுக்க விடுங்க.

வெட்கமா? நானும் முதல் மாதம் நல்ல கோப்பைகளை மட்டும் காட்டினேன், பாராட்டுத்தான் கிடைத்தது. உடைந்த துண்டைக் கமராவுக்குக் கிட்டப் பிடியுங்க. சுவரைவிட அடி தடிப்பா என்று குழுவின் வழிகாட்டி அந்த வெட்டுமுகத்தில்தான் பார்ப்பார்.