எண் தெரிகிறது, கட்டுரை தெரியவில்லை

அன்புள்ள ஐயா,

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் நெறியாளர் ஈரோடு, நாமக்கல் பக்கத் தொழிலாளர்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்தவர். ஆனால் அவருடைய எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) வெறும் 6. அதே துறையில் இன்னொருவருக்கு 31. தோழிகள் கேலி செய்கிறார்கள். நெறியாளரை மாற்றிக்கொள்ளலாமா? காசு கட்டினால் உடனே வெளியிடும் இதழ்களுக்கு எழுதலாமா? வெளிநாடு போக முயல வேண்டுமா?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி,

காசு கட்டினால் எதையும் போடும் இதழ்கள் பக்கமே போகாதீர்கள். வெளிநாடு போவது உங்கள் விருப்பம். மீதியைப் பற்றி நானே கொஞ்ச நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நெறியாளர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்புகூட இல்லை. அவருடைய எண் தெரிகிறது, அவர் என்ன கண்டறிந்தார் என்பது தெரியவில்லை. வெட்கப்பட வேண்டியது அவர் அல்ல.

எச்-இன்டெக்ஸ் என்ற கணக்கை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர். 6 என்றால், தலா 6 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 6 இருக்கின்றன என்று பொருள். அவ்வளவுதான். மறுத்து எழுதினாலும் அது மேற்கோள்தான். உங்கள் துறையிலேயே 2015இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேறியது, அதாவது அதே முடிவு திரும்பவும் வந்தது. 2021இல் செர்ரா-கார்சியா, நீசி என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் கசப்பான ஒன்றைக் காட்டினார்கள்: திரும்பச் செய்தபோது தேறாத கட்டுரைகளே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. தேறவில்லை என்று தெரிந்த பிறகும், அவற்றை மேற்கோள் காட்டியவர்களில் 12 சதவீதம் பேர்தான் அதைக் குறிப்பிட்டார்கள். நெதர்லாந்தின் டீடெரிக் ஸ்டாப்பெல் பெரும்புகழ் பெற்ற சமூக உளவியலாளர். தரவுகளை உட்கார்ந்த இடத்தில் இட்டுக்கட்டினார் என்பது 2011இல் வெளிவந்தது. 50க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காட்டிக்கொடுத்தவர்கள் அவரிடம் இருந்த இளம் ஆய்வாளர்கள், உங்களைப் போன்றவர்கள். அவர்கள் எண்ணைப் பார்க்கவில்லை, தரவைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த பேராசிரியை ஒருவர் இருந்தார். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்களின் மனக்கவலையைப் பற்றி ஆய்வு செய்ய வந்தார். ஊர்க்காரன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார். முதலில் தறிக்குடோனிலேயே வினாத்தாளைக் கொடுத்தோம். கணக்குப்பிள்ளை பக்கத்தில் நின்றார். எல்லோரும் 'கவலை இல்லை' என்று டிக் அடித்தார்கள். அந்தத் தாள்களைக் கொண்டே ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம்; எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் லைன் வீடுகளுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். அப்போதுதான் முன்பணம் என்ற சொல் வந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. புது முதலாளி அதை அடைத்தால் இனி அவருக்குக் கடன்பட்டவர்கள் ஆவார்கள்; கடன் தீராது. தூக்கம் வராததற்குத் தறிச்சத்தத்தைக் காரணம் சொன்ன பெண்கள், பழகிய பிறகு இதைச் சொன்னார்கள். எந்த வினாத்தாளிலும் இதற்குக் கட்டம் இல்லை. அவர் அதைத் தமிழில் அறிக்கையாக எழுதித் தொழிலாளர்களிடம் கொடுத்தார். அது எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறவில்லை. பதவி உயர்வுக் குழுவில் அவரிடம் எண்ணைத்தான் கேட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

யார் மேற்கோள் காட்டுவார்கள் என்று யோசியுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ்கள் ஆறினை ஆராய்ந்து ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2008இல் எழுதினார்: ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாட்டினர். உலக மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 12 சதவீதம். அந்த உலகத்தில் குமாரபாளையத்துத் தறிக்காரரைப் பற்றி எழுதியவருக்கு 6 கிடைத்தது எனக்கு வியப்பாக இருக்கிறது. கேலி செய்யும் தோழிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

எண் குறைந்தால் ஆள் உயர்ந்தவர் என்றும் சொல்ல மாட்டேன். சோம்பலாலும் எண் குறையும். அதனால்தான் கட்டுரைகளைப் படிக்கச் சொல்கிறேன். யாரைப் பார்த்தார், எங்கே வைத்துக் கேட்டார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள். அது ஓட்டையாக இருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் நெறியாளரை மாற்றிக்கொள்ளுங்கள். 31 வைத்திருப்பவரின் கட்டுரைகளையும் அதே கண்ணால் படித்துவிட்டு மாற்றுங்கள்.