ட்ராஜன் எழுத்துருவில் சிறிய எழுத்துகள் ஏன் இல்லை?

சினிமா போஸ்டர்களில் அடிக்கடி கண்ணில் படும் ட்ராஜன் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் மூலத்திலேயே சிறிய எழுத்து கிடையாது.

ரோமில் பேரரசர் ட்ராஜன் பெயரில் கி.பி. 113-இல் திறக்கப்பட்ட ட்ராஜன் தூணின் அடியில், முழுக்கப் பெரிய எழுத்துகளிலேயே செதுக்கிய ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிறிய எழுத்து வடிவங்கள் பல நூற்றாண்டு கழித்து, ஏடு எழுதியவர்கள் கையில் உருவானவை. 1989-இல் அடோபி மென்பொருள் நிறுவனத்துக்காக இந்தக் கல்வெட்டைப் பார்த்துத்தான் எழுத்துரு வடிவமைப்பாளர் கேரல் ட்வாம்ப்ளி ட்ராஜன் எழுத்துருவை வரைந்தார். கல்வெட்டில் எச், ஜே, கே, டபிள்யூ போன்றவை இல்லை. அவற்றை அவரே அதே சாயலில் வடிவமைக்க வேண்டியிருந்தது.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'ஓ' (O) கிட்டத்தட்ட முழு வட்டம். 'இ' (E) அதில் ஏறக்குறைய பாதி அகலம்தான். கோடுகளின் நுனியில் மெல்லிய விரிவு இருக்கும். அது உளியால் வந்தது என்றுதான் பலர் நம்பினார்கள். எட்வர்ட் கேடிச் என்ற பாதிரியார், முதலில் தட்டைத் தூரிகையால் எழுதி, அப்புறம்தான் செதுக்கினார்கள் என்றார். விளம்பரப் பலகை எழுதிப் பழகிய கை அவருடையது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது: 'ஆர்' எழுத்தின் கால் நீண்டு இறங்கும் விதத்தில் தூரிகையின் ஓட்டம் அப்படியே தெரிகிறது.